முழுகாமல் இருக்கிறாள் புயல்கொடி

கோரிப்பாளையம் சிக்னலில் பஸ் முழுதாக நிற்பதற்குள் குதித்துவிட்டாள் சத்யப்ரியா. பின்னால் கண்டக்டர் ஏதோ சொன்னார். நல்ல வார்த்தையாக இருக்க வாய்ப்பில்லை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு ஆட்டோக்களுக்கும் ஒரு தண்ணீர் லாரிக்கும் நடுவே புகுந்து, ஜெராக்ஸ் கடையை ஒட்டிய குறுகலான மாடிப்படியில் ஓடினாள். மூன்று மாடி. மணி பத்து ஐம்பத்தைந்து.

மேலே, கம்ப்யூட்டர் திரையில் ஒரு நீலக்கோடு மெதுவாக நீண்டுகொண்டிருந்தது. அறுபத்திரண்டு சதவீதம். அறுபத்து மூன்று. வெடிக்கதிர் காமிக்ஸின் புது இதழ் சிவகாசி அச்சகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

உள்ளே வந்தவள் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. நேரே மேஜைக்கு அடியில் குனிந்து இன்டர்நெட் வயரைப் பிடுங்கினாள்.

நீலக்கோடு அறுபத்தைந்தில் நின்றது.

"என்னம்மா பண்றே?" என்றார் ஹாலாஸ்யம். வெடிக்கதிர் காமிக்ஸின் ஆசிரியர், முதலாளி, பார்சல் கட்டுபவர் மூன்றும் அவரேதான். அவருடைய அப்பா இதே அறையில் பஞ்சாங்கம் அச்சடித்தவர். மகன் அதை விட்டுவிட்டுக் காமிக்ஸ் போட ஆரம்பித்துப் பதினான்கு வருடம் ஆகிறது.

சத்யப்ரியாவுக்கு மூச்சு வாங்கியது. பதிலுக்குச் செல்போனை நீட்டினாள். ஓவியன் சாய்பிரசாத் அரை மணி நேரத்துக்கு முன் அனுப்பியிருந்த படம். "அக்கா, எல்லாப் பக்கமும் முடிஞ்சிருச்சு, ஒரு தடவை பாத்துக்கங்க" என்று கீழே எழுதியிருந்தான். ஒத்தக்கடையில் பஸ் ஏறும்போது வந்தது. மாட்டுத்தாவணி தாண்டும்போதுதான் திறந்து பார்த்தாள். அங்கேயே அவளுக்கு வியர்த்துவிட்டது.

படத்தில் ஒரு போலீஸ் ஸ்டேஷன். ஸ்டேஷனுக்குள் வெள்ளம். மேஜை மிதக்கிறது. ஏட்டையாவுக்குக் கழுத்து வரைக்கும் தண்ணீர். அந்தத் தண்ணீரின் மேல், கால் விரல்கூட நனையாமல், இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி நிற்கிறாள் கதாநாயகி புயல்கொடி.

அடுத்த பக்கம் டீக்கடை. அங்கேயும் வெள்ளம். புயல்கொடி தண்ணீரின் மேல் நின்று டீ குடிக்கிறாள். அதற்கடுத்த பக்கம் யானைமலை உச்சி. மலை உச்சியிலும் வெள்ளம்.

"தம்பி," என்றாள் சத்யப்ரியா, "யானைமலை மேல எப்படிடா தண்ணி ஏறுச்சு?"

சாய்பிரசாத் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினான். இருபத்தாறு வயது. ஒல்லியான ஆள், ஆனால் அவன் வரையும் ஒவ்வொரு தோளும் பூசணிக்காய் அளவுக்கு இருக்கும். முஷ்டி வரைவதில் தென்மாவட்டத்தில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது என்று ஹாலாஸ்யம் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

"நீங்கதானேக்கா எழுதியிருந்தீங்க," என்றான். "புயல்கொடி முழுகாமல் இருக்கிறாள். இனி ஒன்பது பக்கத்திலும் அது தெளிவாகத் தெரிய வேண்டும்னு. தண்ணி இருந்தாத்தானே முழுகலைன்னு தெரியும்."



ஹாலாஸ்யம் சிரிக்க ஆரம்பித்தார். துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி சிரித்தார்.

முழுகாமல் இருக்கிறாள் என்றால் கர்ப்பமாக இருக்கிறாள் என்று அர்த்தம். மாதாமாதம் தலை முழுகுகிறவள் அந்த மாதம் முழுகவில்லை, விஷயம் அவ்வளவுதான். ஒத்தக்கடையில் சத்யப்ரியாவின் தெருவில் பால் ஊற்ற வருகிறவர் வரைக்கும் அப்படித்தான் பேசுவார்கள். அதனால் அவள் யோசிக்காமல் எழுதிவிட்டாள். வசனம் எல்லாம் படம் முடிந்த பிறகுதான் கட்டங்களில் ஏறும். எனவே காட்சிக் குறிப்புகள் இருந்தாலும், கர்ப்பத்தைப் பற்றி ஓவியன் கையில் இருந்தது அந்த ஒரு வரி மட்டும்.

சாய்பிரசாத் நெற்றியைத் தேய்த்தான். ஹாலாஸ்யமே அவனுக்காக வாதாடினார். அவன் மேல் என்ன தப்பு, அவா ஆத்துல பாஷை வேற இல்லையா, மகால் பக்கம் வீட்டுக்குள் போனால் சௌராஷ்டிராதானே, பெண்டுகள் பேசுகிற தமிழெல்லாம் அவன் எங்கே கேட்டிருக்கப் போகிறான் என்றார். சாய்பிரசாத் மெல்லத் தலையாட்டினான். சத்யப்ரியாவுக்கும் அது சரியென்றே பட்டது. தப்பு தன்னுடையது என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் அதற்காக விட முடியாது.

விட முடியாததற்குக் காரணம் இருந்தது.

பதினான்கு வருடத்தில் வெடிக்கதிர் போட்டது நூற்றுப் பன்னிரண்டு இதழ்கள். சத்யப்ரியா பள்ளிக்கூடத்துப் பையில் மறைத்து வைத்துப் படித்ததில் தொடங்கி, கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை பார்த்துக்கொண்டே அதற்குக் கதை எழுதுகிற இன்றுவரை, அத்தனையையும் கரைத்துக் குடித்தவள். அவற்றில் மொத்தம் பதினோரு அம்மாக்கள் வந்தார்கள். எட்டுப் பேர் இரண்டாம் பக்கத்திலேயே செத்தார்கள். அவர்கள் செத்தால்தான் மகனுக்கு ஆவேசம் வரும். இரண்டு பேரை வில்லன் கடத்தினான். மிச்சமிருந்த ஒருத்தி வில்லனுடைய அம்மா. அவள் ஒருத்திதான் வேளாவேளைக்குச் சாப்பிட்டாள்.

இந்தப் பதினோரு பேர் கணக்கில் சேராமல், ஒருமுறை வெண்பனி என்ற நாயகிக்குக் குழந்தை பிறந்தது. ஐம்பத்தேழாம் இதழ். முதல் கட்டத்தில் வெண்பனி எரிமலைக்குள் குதிக்கிறாள். அடுத்து மஞ்சள் பெட்டிக்குள் "சில மாதங்களுக்குப் பிறகு" என்று ஒரு வரி. அதற்கடுத்த கட்டத்தில் தொட்டில். அவள் இடுப்பு அப்போதும் எரிமலைக்குள் குதித்த அதே இடுப்பு. குழந்தையை மறு இதழில் வேற்றுக்கிரகத்துக்காரர்கள் தூக்கிப் போனார்கள். அதன்பின் அதை யாரும் தேடவில்லை, பெற்றவள் உட்பட.

அந்தச் சில மாதங்கள் எங்கே போயின என்பதுதான் சத்யப்ரியாவின் கேள்வி. வயிற்றோடு ஒரு நாயகி ஏன் ஒரு பக்கத்தில்கூட நடந்து போகவில்லை? நான்கு மாதம் ஹாலாஸ்யத்தோடு மல்லுக்கட்டி இந்த ஒன்பது பக்கத்துக்குச் சம்மதம் வாங்கியிருந்தாள். சக்தி போகக் கூடாது, வில்லன் விஷம் வைத்துக் குழந்தை ஒரே நாளில் வளரக் கூடாது, எட்டு மாதக் கர்ப்பிணியாகவே போய் வில்லன் அமிலராஜனைப் பிடித்துவர வேண்டும். அடுத்த இதழிலிருந்து புயல்கொடி ஆறு பாகம் கடலுக்கு அடியில் போகிறாள். அதை எழுதுவது வேறொருவர். அட்டைப்படம்கூடத் தயார். இந்த இதழில் நடக்காவிட்டால் இனி நடக்காது.

ஹாலாஸ்யத்துக்கு இப்போது இன்னொரு வழி தெரிந்துவிட்டது. படத்தைப் பார்க்கப் பார்க்க அவருக்குப் பிடித்துப்போனது.

"நன்னாத்தான்மா இருக்கு," என்றார். "தண்ணி மேல நிக்கிற புதுசக்தி வந்துடுத்துன்னு ஒரு வரி போட்டா முடிஞ்சுது. தமுக்கத்துல புத்தகக் கண்காட்சி வேற ஆரம்பிக்கப் போறது. எனக்கும் வயித்துல நெருப்பு இல்லாம இருக்கும்."

அவருக்குப் பயம் வாசகர் கடிதங்கள். கர்ப்பிணிப் பெண் அடிவாங்குவதை எப்படிப் போட்டாய் என்று கேட்பார்கள் என்றார். அவள் அடிவாங்கப் போவதில்லை சார், அடிக்கப் போகிறாள் என்றாள் சத்யப்ரியா. அது இன்னும் வம்பு என்றார் அவர்.

பேரம் பத்து நிமிடம் நடந்தது. முடிவில் ஹாலாஸ்யம் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். அச்சகத்தில் நான்கு மணிக்கு அச்சுத் தகடு போடுகிறார்கள். நான்கு மணிக்கு எது முழுதாகக் கையில் இருக்கிறதோ அது போகும். வயிறு முடிந்திருந்தால் வயிறு. இல்லாவிட்டால் வெள்ளம். சொல்லிவிட்டு, ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரித்தார்.

மணி பதினொன்று பத்து. ஒன்பது பக்கம், முப்பத்தொரு கட்டம். அவற்றில் இருபத்து மூன்றில் புயல்கொடி இருந்தாள்.

தண்ணீரை அழிப்பது சுலபமாக இருந்தது. கம்ப்யூட்டரில் வரைந்த வெள்ளம் தனி அடுக்கில் இருந்ததால் ஒரே தட்டலில் வடிந்தது. ஏட்டையா மூச்சுவிட்டார். யானைமலை காய்ந்தது. புயல்கொடி மட்டும் அந்தரத்தில் நின்றாள். அவளைக் கீழே இறக்கி, பழைய வயிற்றை அழித்துவிட்டு, சாய்பிரசாத் புது வயிறு போட்டான்.

போட்டதைச் சத்யப்ரியா கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"என்னடா இது, ஃபுட்பால திருடிட்டு ஓடுறவ மாதிரி இருக்கா?"

அழித்தான். இரண்டாவது, மார்புக்கு நேர் கீழே ஒரு குடத்தைக் கவிழ்த்தாற்போல வந்தது. மூன்றாவது, அரிசி மில் முதலாளி மாதிரி. நான்காவதை முதுகுப்பக்கத்திலிருந்து வரைந்து பார்த்தான். பின்னாலிருந்து பார்த்தால் பழைய புயல்கொடியேதான், ஒரு மாற்றமும் இல்லை. அது ஏமாற்று வேலை என்றாள் சத்யப்ரியா.

அவன் கம்ப்யூட்டரில் எட்டாயிரம் படங்கள் சேர்த்து வைத்திருப்பது அவளுக்குத் தெரியும். உலகத்தில் உள்ள காமிக்ஸிலிருந்தெல்லாம் பொறுக்கியவை. முஷ்டி மட்டுமே நாற்பது விதம், கிழிந்த மேலங்கி அறுபது விதம். அதில் தேடு என்றாள்.

"ஒண்ணும் கிடைக்காதுக்கா," என்றான், திறக்காமலே.

அவள் நம்பாமல் தானே உட்கார்ந்து தேடினாள். கிடைத்தது ஏழு படம். ஐந்தில் நாயகி ஜன்னலோரம் நிலாவைப் பார்த்து நிற்கிறாள், தொளதொள அங்கி கழுத்திலிருந்து கால் வரை மூடியிருக்கிறது. ஒன்றில் பிரசவம். ஒரே கட்டம், முழுக்க வெளிச்சம், வெளிச்சத்துக்கு நடுவில் ஒரு கை. கடைசிப் படத்தில் குழந்தை பிறந்து மூன்று நாள் ஆகிறது, மீசையோடு வாள் சுற்றுகிறது.

மணி பன்னிரண்டு. ஒரு கட்டம்கூட முடியவில்லை. ஜன்னலோரத்தில் பேப்பரின் பக்கம் திரும்பும் சத்தம் கேட்டது. அதில் கொஞ்சம் திருப்தி கலந்திருந்தது.

சத்யப்ரியா எழுந்து மாடிப்படியில் இறங்கினாள்.

கீழே அழகுபாண்டியின் ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் போடுகிறவள் முத்துத்தாய். எட்டாம் மாதம். போன மாதம் வளைகாப்பு முடிந்து கீழக்குயில்குடியில் அம்மா வீட்டுக்குப் போனவள், வீட்டில் உட்கார்ந்தால் கால்தான் வீங்குகிறது என்று அங்கிருந்தே இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருகிறாள். இரண்டு கைகளிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். பிரசவம் வரைக்கும் கழற்றக் கூடாது. அவள் லேமினேஷன் மெஷினுக்குள் தாளைத் தள்ளும்போதெல்லாம் கடை முழுக்கச் சலங்கை கட்டினாற்போல் கேட்கும்.

சத்யப்ரியா விஷயத்தைச் சொன்னாள். தண்ணீரில் நின்ற கதையைக் கேட்டு முத்துத்தாய் கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் இரண்டு மணி நேரம் நான் தருகிறேன், ஆனால் புத்தகத்தில் என் கடை பேர் வர வேண்டும் என்றார் அழகுபாண்டி.

முத்துத்தாய் மூன்று மாடி ஏறினாள். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றாள். ஒரு கை சுவரில், ஒரு கை இடுப்புக்குப் பின்னால். இறங்கி வந்து எதிரே நின்ற சாய்பிரசாத், வாருங்கள் என்று சொல்லவும் மறந்து அவள் கால் வைக்கிற விதத்தையே பார்த்தான். பிறகு சட்டைப்பையிலிருந்த பென்சிலை எடுத்து, படிக்கட்டுச் சுவரில் சாய்த்து வைத்திருந்த கழிவுத் தாளின் பின்பக்கத்தில் கிறுக்க ஆரம்பித்தான். அவள் மேலே வந்து சேர்வதற்குள் ஆறு கிறுக்கல் ஆகியிருந்தது.

திரையில் இருந்ததை முத்துத்தாய் பார்த்தாள்.

"யாரு இது, இடுப்புல எலும்பே இல்லாத புள்ள?"

புயல்கொடி என்றான்.

"வயிறு மட்டும் தனியா முன்னாடி வராது தம்பி. அது முன்னாடி வந்தா முதுகு பின்னாடி போகும். காலு அகலும். கழுத்துகூட மாறும். ஆளே வேற ஆளாயிருவா." சொல்லிவிட்டுப் பக்கவாட்டில் திரும்பி நின்றாள். "இப்பப் பாரு. நான் வயித்த மட்டுமா தூக்கிட்டு நிக்கிறேன்?"

சாய்பிரசாத் வரைந்தான். முதல்முறையாகச் சத்யப்ரியா அழிக்கச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வேகம் பிடித்தது. முத்துத்தாய் ஸ்டூலில் உட்கார்ந்து தயிர்சோறு சாப்பிட்டுக்கொண்டே கதையைக் கேட்டாள். கேட்கக் கேட்கப் பாதிச் சண்டை போயிற்று. ஐந்தாம் பக்கத்தில் புயல்கொடி குனிந்து அமிலராஜனின் காலை வாருவதாக இருந்தது. குனிந்தால் கால் தெரியாது, அப்புறம் எதை வாருவாள் என்றாள். சுவரேறிக் குதிப்பது வேண்டாம், வாசல் வழியாகவே போகட்டும், கர்ப்பிணிக்குக் கதவைத் திறக்க மாட்டேன் என்று சொல்கிற அடியாள் மதுரையில் கிடையாது என்றாள். சத்யப்ரியா அதை அப்படியே வசனமாக எழுதிக்கொண்டாள். நடுவில் முத்துத்தாய் இரண்டு முறை பாத்ரூம் எங்கே என்று கேட்டாள். இரண்டாம் முறை கேட்டபோது சாய்பிரசாத்தும் சத்யப்ரியாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆறாம் பக்கத்தில் புயல்கொடி அமிலராஜனின் சட்டைக் காலரைப் பிடித்தபடி அதையே அவனிடம் கேட்டாள்.

தரையில் விழுந்தவள் எப்படி எழுவாள் என்பது மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை. முத்துத்தாய் பாயை விரிக்கச் சொன்னாள். ஹாலாஸ்யமே எழுந்து பாயை எடுத்துக் கொடுத்தார், கொடுத்துவிட்டு மறுபடி பேப்பருக்குப் பின்னால் போனார். அவள் படுத்து, ஒருக்களித்துத் திரும்பி, ஒரு கையைத் தரையில் ஊன்றி, முட்டி போட்டு, மறு கையை முட்டியில் வைத்து, ஒரு மூச்சு நின்று, எழுந்தாள். வெட்டுப்பட்ட சண்டைக் கட்டங்களின் இடத்தில் சாய்பிரசாத் அதை நான்கு கட்டமாகப் பிரித்தான். மற்ற நாயகிகள் எல்லாம் ஒரே கட்டத்தில் துள்ளி எழுவார்கள். நான்கு கட்டத்தையும் வரிசையாகப் பார்த்தபோது, அந்த எழுந்திருத்தலே ஒரு பெரிய சண்டையை ஜெயித்தாற்போல இருந்தது.

இரண்டரை மணிக்கு ஒரு சிக்கல் வந்தது. அமிலராஜனின் நிலவறைக்குள் புயல்கொடி சத்தமில்லாமல் போக வேண்டும். முத்துத்தாயைப் பார்த்து வளையலும் வரைந்தாயிற்று. வளையல் குலுங்கினால் வில்லனுக்குக் கேட்டுவிடுமே என்றான் சாய்பிரசாத். கழற்றவும் கூடாது. துணி சுற்றலாமா, முழங்கைக்கு மேலே தள்ளி இறுக்கலாமா என்று இருவரும் குழம்பினார்கள்.

"கேட்டா கேட்டுட்டுப் போகுது," என்றாள் முத்துத்தாய். "அந்தச் சத்தத்துக்கு அவன்தான பயப்படணும். இவ எதுக்கு மறைக்கணும்?"

சாய்பிரசாத் பேனாவைக் கீழே வைத்தான். மறுபடி எடுத்தான். மூன்று கட்டம் முழுக் கறுப்பு. கறுப்புக்கு நடுவே அமிலராஜனின் முகம் மட்டும், கட்டத்துக்குக் கட்டம் பெரிதாக. எங்கிருந்தோ கலகலவென்று ஒரு சத்தம், அதுவும் கட்டத்துக்குக் கட்டம் பெரிதாக. புயல்கொடி அதில் எங்குமே இல்லை. மூன்று உருவம் வரையும் வேலை மிச்சம். அரை மணி நேரம் லாபம்.

முத்துத்தாய் கிளம்பும்போது, அந்தப் புள்ளைக்குப் பொறக்கிறது என்ன என்று கேட்டாள். இன்னும் முடிவு பண்ணவில்லை என்றாள் சத்யப்ரியா. சரி, யாரும் தூக்கிட்டுப் போகாமப் பாத்துக்கங்க என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள்.

மூன்று மணி நாற்பது. ஒன்பது பக்கமும் திரையில் வரிசையாக நின்றன. சத்யப்ரியா வசனத்தை ஏற்றி முடித்து நாற்காலியைத் தள்ளிப் போட்டாள். ஹாலாஸ்யம் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டையா எழுந்து நாற்காலி கொடுக்கிற இடத்தில் நின்றார். டீக்கடையில் நின்றார். நிலவறைக் கறுப்பில் கொஞ்சம் அதிகம் நின்றார். நான்கு கட்டத்தில் எழுந்திருக்கிற பக்கம் வந்ததும் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

மூன்று ஐம்பது. சத்யப்ரியா இன்டர்நெட் வயரைக் கையில் வைத்திருந்தாள். அவர் சொருகச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. வெள்ளப் பக்கங்கள் அடங்கிய ஃபைல் பக்கத்திலேயே தயாராக இருந்தது.

"இது தப்பு," என்றார் ஹாலாஸ்யம்.

சத்யப்ரியாவின் கண் வெள்ள ஃபைல் பக்கம் போனது.

அவர் விரலால் தொட்டுக் காட்டினார். புயல்கொடியின் முழங்கால் வரை ஏறிய, ஊசி போன்ற குதிகால் வைத்த, சிவப்பு பூட்ஸ். பதினான்கு வருடமாக அவள் போட்டிருப்பது.

"ஜானுவுக்கு ஏழாம் மாசத்துலயே கால் இம்புட்டு வீங்கிடுத்து," என்றார் ஹாலாஸ்யம். ஜானு அவருடைய மகள். "ஆம்படையான் செருப்பைத்தான் மாட்டிண்டு நடந்தா. இதெல்லாம் ஏறவே ஏறாது. வாசகன் நம்ப மாட்டான். மாத்து."

சாய்பிரசாத் ஏற்கனவே மாற்றிக்கொண்டிருந்தான். இருபது உருவத்துக்கு நாற்பது ரப்பர் செருப்பு. ஒன்றை வரைந்து மற்றதெல்லாம் நகலெடுத்துத் திருப்பித் திருப்பி ஒட்டினான். இரண்டு இடத்தில் இடதுகால் செருப்பு வலதுகாலில் ஏறியது. அதை யாரும் பார்க்கவில்லை, பார்த்தவரும் சொல்லவில்லை. மூன்று ஐம்பத்தெட்டுக்குச் சத்யப்ரியா வயரைச் சொருகினாள். நீலக்கோடு நகர்ந்தது. அறுபத்தைந்தைத் தாண்டியபோது மூவரும் மூச்சுவிட்டார்கள். நூறு ஆனதும் ஹாலாஸ்யம் அச்சகத்துக்குப் போன் போட்டபடியே வராந்தாவுக்குப் போனார். ஆமாம், வந்துடுத்து, ஆமாம், கர்ப்பம்தான், பிழை இல்லை, அப்படியே போடுங்கோ என்று அவர் இரண்டு முறை சொல்வது கேட்டது.

கீழே கடையிலிருந்து டீ வந்தது. சத்யப்ரியாவும் சாய்பிரசாத்தும் ஆளுக்கொரு கிளாஸை எடுத்துக்கொண்டு மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். அவன் வலது கை விரல்கள் மடங்கியபடியே இருந்தன, நீட்ட வரவில்லை.

சத்யப்ரியாவுக்குக் காலையிலிருந்து ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. அதைச் சொல்லிவிட்டாள். தப்பு என்னுடையது, எங்கள் தெருப் பேச்சு எல்லார் வீட்டிலும் புழங்கும் என்று நினைத்துக்கொண்டேன், இனிமேல் கர்ப்பம் என்றே பளிச்சென்று எழுதிவிடுகிறேன், உனக்கும் இன்றைக்கு மாதிரி அலைச்சல் இருக்காது என்றாள்.

சாய்பிரசாத் டீயைக் குடிக்காமல் கிளாஸைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"அக்கா, மகால் பக்கம் எங்க வீட்டுக்கு இந்தப் பக்கமும் தமிழ்க்காரங்க, அந்தப் பக்கமும் தமிழ்க்காரங்க. போன வருஷம் எங்க பெரியம்மா பொண்ணுக்கு நாள் தள்ளுனப்ப, தெருவே எங்க வாசல்ல வந்துதான் விசாரிச்சுச்சு."

என்ன சொல்கிறான் என்று அவளுக்குப் புரியவில்லை. அவன் மவுஸை நகர்த்தி, திரையின் மூலையிலிருந்த ஒரு ஃபோல்டரைத் திறந்து, மானிட்டரை அவள் பக்கமாகத் திருப்பினான்.

உள்ளே ஓவியங்கள். காலையில் அவள் பார்த்த அதே ஃபுட்பால் திருடி, கவிழ்த்த குடம், அரிசி மில் முதலாளி, இன்னும் அவள் பார்த்தே இராத எத்தனையோ. வயிறு ஒன்று, வயிறு இரண்டு என்று தொடங்கி வயிறு நாற்பத்தொன்று வரைக்கும் பெயர் வைத்திருந்தான். சில நாற்பது தடவை அழித்து வரைந்த மாதிரி அழுக்காக இருந்தன. சத்யப்ரியா தேதியைப் பார்த்தாள். எதுவும் இன்றைக்கு வரைந்தது இல்லை. முதல் படம், அவள் கதையை அனுப்பிய அதே நாள் சாயங்காலம்.

அவள் நிமிர்ந்தாள். அவன் அவளைப் பார்க்காமல் டீ கிளாஸைப் பார்த்துச் சொன்னான்.

"அர்த்தம் முதல் நாளே தெரியும்க்கா. வரையத்தான் தெரியல. தண்ணின்னா எனக்கு நல்லா வரும்."